ஒரு மூட்டை நெல்லும் ஒரு தராசும்: டெல்டா பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித்தருவது

திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெற்பயிரைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் வயல்தான். அவர்களுக்குத் தெரியாதது வேறு. ஒரு மூட்டை நெல்லில் எத்தனை கிலோ அரிசி, மீதி எங்கே போகிறது, சோறு மட்டும் சாப்பிட்டால் எது குறைகிறது, வைக்கோலை வைத்து இன்னும் என்ன செய்யலாம் என்பதெல்லாம் ஊரில் கண்முன்னே நடந்தாலும், யாரும் உட்கார்ந்து எடைபோட்டுக் காட்டியதில்லை. அதனால் இந்தப் பாடத்துக்கு முதலில் வாங்க வேண்டியது தராசு. பத்து கிலோ நிறுக்க ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று. புத்தகம், சுவரொட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணக்கை ஹெக்டேரில் தொடங்காதீர்கள். பிள்ளைகளின் வீட்டில் நிலத்தை மாவில்தான் பேசுவார்கள். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், 20 மா ஒரு வேலி. “எங்க தாத்தாவுக்கு ஆறு மா” என்று சொல்கிற பிள்ளையிடம் ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ விதை என்றால் காதில் ஏறாது. மாவில் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையையே ஏக்கருக்கும் ஹெக்டேருக்கும் மாற்றச் சொல்லுங்கள். அன்றைய கணக்குப் பாடமும் முடிந்துவிடும்.

பாடத்திட்டம் தண்ணீரைப் பார்த்து ஓட வேண்டும். பள்ளி ஜூனில் திறக்கிறது. மேட்டூர் அணையும் வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கிறது. ஜூன், ஜூலையில் விதையும் நாற்றும். ஆகஸ்ட், செப்டம்பரில் வாளியில் நெல், பாத்தியில் கீரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஆகவே கூரைக்குள் செய்யும் வேலை. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை, அதோடு எடை, அரவை, உமி. பிப்ரவரி, மார்ச்சில் உளுந்து. இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் சறுக்கும். மழையில் கீரைத் தோட்டம் போட்டு, வெயிலில் காளான் வளர்க்கப் பார்த்து, இரண்டும் போய்விட்டது என்று கைவிட்ட பள்ளிகள் நிறைய.

முதல் வகுப்புக்கு உப்புத் தண்ணீரில் விதை பிரிப்பதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. வயலுக்கான அளவு 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ உப்பு. வகுப்புக்கு 2 லிட்டரும் 300 கிராமும் போதும். முதலில் முட்டையை வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுக்க வேண்டும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். அதை வைத்து உப்பை அளந்தால் கரைசல் நீர்த்துவிடும், பதர்கூட அடியில் போய் நிற்கும். நல்ல முட்டை கிடைத்ததும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க, முட்டை எழும்பி அதன் ஓடு ஒரு நாணயம் அகலத்துக்கு வெளியே தெரியும். அதுதான் பதம். விதையைக் கொட்டிக் கையால் கலக்கி, மிதப்பதை உடனே அள்ள வேண்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் மிதந்த பதரும் ஊறி இறங்கிவிடும். அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். இந்தப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். உப்பு ஒட்டிய விதை சரியாக முளைக்காது. அடுத்த தடவை விதை போடும் முன் மறுபடி முட்டையை விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கரைசல் நீர்த்துக்கொண்டே போகும்.

இதற்குக் கொண்டுவரும் நெல் மருந்து கலக்காத நெல்லாக இருக்க வேண்டும். பையில் வாங்கும் விதைநெல் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சாண மருந்து. பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது, மிதந்ததைக் கோழிக்குப் போடவும் கூடாது.

முளைப்புச் சோதனைக்கு 100 விதையை எண்ணி, நனைத்த சணல் சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வைத்து தினம் தண்ணீர் தெளிக்கலாம். விதைநெல்லுக்கு 80 சதவீத முளைப்பு குறைந்தபட்ச அளவு. இதை ஜூனில் செய்தால் பிசகு இல்லை. அப்போதுதான் அறுத்த சம்பா நெல்லைப் பிப்ரவரியில் போட்டால் பாதிகூட முளைக்காமல் போகலாம். விதை செத்துவிட்டது என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அது சாவல்ல, உறக்கம். நீண்ட வயதுள்ள ரகங்கள் பலவற்றில் அறுவடைக்குப் பிறகு சில வாரம் விதை உறங்கும். களத்தில் கிடக்கும்போது மழை பெய்தாலும் உடனே முளைத்துவிடாமல் காப்பது அந்த உறக்கம்தான். இரண்டு காலத்திலும் செய்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தால் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

நாற்று வந்ததும் வாளி. ஓட்டையில்லாத பழைய பெயின்ட் வாளியைக் கழுவி, முக்கால் பங்கு வயல் மண் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி இரண்டு நாள் விடுங்கள். ஒரு வாளியில் 14 நாள் நாற்று ஒன்றே ஒன்று. இன்னொன்றில் 25 நாளைத் தாண்டிய நாற்று நாலைந்து சேர்த்து. வாரம் ஒரு தடவை தூர், அதாவது அடியிலிருந்து பிரியும் பக்கத்தண்டு, எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். ஒற்றை நாற்று முதல் இரண்டு வாரம் பரிதாபமாக நிற்கும். பிள்ளைகள் “சார், இது தேறாது” என்பார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களே எண்ணிப் பார்த்துச் சத்தம் போடுவார்கள். வாளியை மரத்தடியில் வைத்தால் மட்டும் இது நடக்காது. நிழலில் நெல் தூர் கட்டாது, உயரமாகப் போய்ச் சாயும். நாள் முழுக்க வெயில் படுகிற இடம் வேண்டும், ஆடு எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும்.

வாளித் தண்ணீரில் கொசு வரும். டெங்கு பரப்புகிற கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கிறது. ஆகவே வாரம் ஒரு நாள் தண்ணீரை முழுக்க வற்றவிட்டு, சேறு மட்டும் ஈரமாக இருக்கும்படி விட்டு மறுநாள் ஊற்றுங்கள். பயிருக்கும் கெடுதல் இல்லை, மண் காய்வதும் தண்ணீர் பாய்வதும் மாறி மாறி வந்தால் வேர் நன்றாகவே ஓடும். மேலே அசோலா என்ற மிதக்கும் சிறு பெரணியை விட்டால் தண்ணீர்ப்பரப்பு மூடிக்கொள்ளும். அது காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிப்பதையும் காட்டலாம், மிஞ்சினால் கோழிக்கும் மாட்டுக்கும் போகும். ஆனாலும் வற்றவிடுவதை நிறுத்தாதீர்கள்.

கீரைப் பாத்தி விஷயத்தில் டெல்டாவின் களிமண்தான் எதிரி. மழை நின்றதும் மேல் மண் ஓடு மாதிரி இறுகி, முளை வெளியே வராது. ஒரு அடி உயரம், மூன்று அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மட்கிய எருவும் மணலும் கலந்து பரப்புங்கள். விதையைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. சிறுகீரை மூன்று வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும், அதனால் பிள்ளைகளின் ஆர்வம் தணியும் முன் பலன் தெரியும். விதைத்த அன்றைக்கே எறும்பு விதையை இழுத்துப் போவது எல்லா இடத்திலும் நடக்கிறது. பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் வையுங்கள், அவை ஈரத்தை விரும்பும். முருங்கையை அங்கே நட்டால் அழுகிவிடும். அதற்கு வரப்பு, மதிலோரம் மாதிரி மேடான இடம்.

மழைக்காலத்தில் சிப்பிக்காளான். வைக்கோல் மாட்டுத்தீனி மட்டுமல்ல என்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது இதில்தான், ஆகவே இதற்கு நேரம் ஒதுக்கத் தயங்க வேண்டாம். சிப்பிக்காளானுக்கு 22 முதல் 28 டிகிரி வரையான குளுமை வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை நம் ஊரில் அது இயல்பாகக் கிடைக்கிறது. கஷ்டம் வைக்கோலில் இருக்கிறது. குறுவை வைக்கோல் பெரும்பாலும் அறுவடை மழையில் நனைந்திருக்கும். நனைந்து காய்ந்ததில் ஏற்கெனவே பூஞ்சாணம் குடியேறியிருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் தொல்லை. போன சம்பாவின் வைக்கோல் போரில் மேல் அடுக்கைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து உருவுங்கள். பொன்னிறமாக, உடைத்தால் சடக்கென்று சத்தம் வர வேண்டும். முகர்ந்தால் மக்கல் வாடை இருக்கக்கூடாது.

வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதிக்க வைப்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். வடித்து, சுத்தமான சாக்கில் நிழலில் பரப்புங்கள். இனி வருகிற பதம்தான் முக்கியம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, ஆனால் கையை விரித்தால் உள்ளங்கை ஈரமாகப் பளபளக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் பிழிந்து பார்க்க வேண்டும். சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயம் இது, கைக்குத்தான் தெரியும். சொட்டுகிற வைக்கோலை அவசரப்பட்டுப் பையில் அடைத்ததால் கெட்டவைதான் பள்ளிப் படுக்கைகளில் அதிகம்.

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள பாலிதீன் பையின் அடியைச் சணலால் கட்டி, உள்ளே திருப்பிவிட்டால் உருண்டையாக நிற்கும். மூன்று விரல் உயரத்துக்கு வைக்கோல், அதன் ஓரத்தைச் சுற்றிக் காளான் வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு. ஒரு புட்டி வித்து இரண்டு பைக்கு வரும். அடுக்கை அமுக்கியே வைக்க வேண்டும், தளர்ந்தால் காளானின் வெள்ளை இழை அடுக்கு தாண்டிப் பரவாது. வாயைக் கட்டி, பக்கத்துக்கு இரண்டு துளை போட்டு, இருட்டறையில் உறி மாதிரித் தொங்கவிடுங்கள். கை, கத்தி, மேசை எல்லாவற்றையும் டெட்டால் தண்ணீரில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகும். பிறகு பையைக் கீறிவிட்டு, வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்துக்கு மாற்றி, தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தால் சில நாளில் குண்டூசித்தலை மாதிரி மொட்டு வரும். அது மூன்று நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பறிக்கிற அன்று மட்டும், பறித்த பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கெட்டதையும் பாடமாக்குங்கள். பையில் பச்சைத் திட்டு என்றால் ஈரம் அதிகம், அல்லது வைக்கோல் பழசு. அந்தப் பையை அறையை விட்டு உடனே எடுங்கள், திறந்து பார்க்க வேண்டாம், வித்துத் தூள் மற்ற பைகளுக்கும் பறக்கும். கறுத்துக் கரைகிற குடைக்காளான் முளைத்தால் சரியாக வேகவில்லை. காம்பு நீண்டு தலை சுருங்கி வந்தால் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த பறிப்பு சரியாகும். ஓரம் வெடித்தால் ஈரம் போதவில்லை. ஓரம் மேல்நோக்கி மடங்கும்வரை விட்டால் வித்துத் தூள் அறை முழுக்க நிறையும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. அவர்களை அறைக்குள் விடாமல், எடைபோடும் வேலையைக் கொடுங்கள்.

இன்னொன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பையில் வளர்த்த காளானைத் தெரிந்துகொண்டதால் வைக்கோல் போரிலும் வேலியோரத்திலும் முளைப்பதைப் பறித்துச் சாப்பிடலாம் என்று ஆகாது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதில் விஷக்காளானும் உண்டு. முதல் நாளே சொல்லுங்கள், அறுவடை நாளிலும் சொல்லுங்கள்.

பையில் போட்ட காய்ந்த வைக்கோலின் எடையை முன்பே குறித்திருந்தால் நல்ல கணக்கு வரும். கைதேர்ந்தவர்களுக்கு அந்த எடைக்கு ஈடாகவே புதுக்காளான் கிடைக்கும். பள்ளியில் பாதி வந்தாலே நல்ல படுக்கை. காளானில் இறைச்சி அளவு புரதம் என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். 100 கிராமை வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள், பத்து கிராமை ஒட்டி நிற்கும். மீதி தண்ணீர். 100 கிராம் புதுக்காளானில் புரதம் 3 கிராம் அளவுதான். நல்ல உணவு, ஆனால் இறைச்சிக்கு ஈடு இல்லை. சத்து பற்றி வருகிற எந்தப் பேச்சையும் இப்படித் தராசில் ஏற்றிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறுவடைக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம்தான் வரம்பு என்பது எல்லா வீட்டிலும் பேசுகிற விஷயம். ஆகவே கணக்கை அங்கேயே எடுக்கலாம். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எத்தனை கிலோ? வகுப்பே 97 என்று சொல்லும். உலர்ந்த பொருள் 80 கிலோ மாறவில்லை. அது இப்போது 83 பங்கு. 80ஐ 0.83ஆல் வகுத்தால் 96.4. அந்த அரை கிலோவை அவர்களே கண்டுபிடிக்கும்போது கொள்முதல் நிலையத்தில் அப்பா ஏன் நெல்லைக் களத்தில் இன்னொரு நாள் கிளறிவிடுகிறார் என்பதும் விளங்கும்.

பிறகு உரலும் உலக்கையும் முறமும். அரை கிலோ காய்ந்த நெல்லைக் குத்திப் புடைத்து உமி, தவிடு, நொய், அரிசி என்று நாலு தட்டில் பிரித்து நிறுங்கள். ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோவை ஒட்டி அரிசியும், 20 கிலோ உமியும், மீதியில் பெரும்பகுதி தவிடும் வரும். உரலில் நொய் கூடும், எண் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. நாலு தட்டும் எதிரே இருக்கும்போது எது எங்கே போகிறது என்று கேளுங்கள். தவிடு மாட்டுக்கும் எண்ணெய்க்கும். உமி புழுங்கல் ஆலை அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும். நிலத்தடியிலிருந்து எடுக்கிற கேஸை எரித்தால் அது திரும்ப வராது, உமி அடுத்த போகத்தில் மறுபடி விளையும். புதுப்பிக்கத்தக்கது என்ற நீண்ட சொல்லுக்கு அந்தத் தட்டு போதும்.

உமியைக் கருக்கியும் காட்டலாம். பக்கமெல்லாம் ஆணியால் துளைத்த தகரடப்பாவுக்குள் சுள்ளி எரித்து, மேலே புகைபோக்கிக் குழாய் வைத்து, சுற்றிலும் உமியைக் குவித்தால் உள்ளிருந்து வெளியே கறுத்துக்கொண்டே வரும். வெளியே கறுப்புப் புள்ளிகள் தெரியும்போது அடிக்கடி கிளறி, முழுக்கக் கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெள்ளைச் சாம்பலாகிவிடும், அணைந்துவிட்டது என்று விட்ட குவியல் ராத்திரி மறுபடி கனன்று எரியும். கருக்கிய உமி நாற்றங்கால் தட்டுக்கும் தொட்டி மண்ணுக்கும் நல்லது, களிமண்ணை இளக்கும்.

உணவுப் பாடத்தை அரிசியின் தவிட்டிலிருந்தே தொடங்கலாம். 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் பார்த்தார். தவிட்டில் இருந்தது தயமின் (வைட்டமின் பி1) என்று பின்னால் தெரிந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் புழுங்கலரிசியில் நெல்லை உமியோடு வேகவைக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைவிடப் புழுங்கலில் தயமின் கூடுதலாகத் தங்குவது அதனால்தான். கஞ்சியை வடித்துக் கொட்டினால் தங்கியதிலும் கொஞ்சம் போய்விடும்.

மாவுச்சத்துக்கு அயோடின் சோதனை வையுங்கள். காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்தில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். சோற்றில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். உளுந்துமாவிலும் விடுங்கள், அதுவும் கறுக்கும். “டீச்சர், உளுந்து புரதம்னு சொன்னீங்களே?” என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இந்தச் சோதனை மாவு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. உளுந்தில் இரண்டும் இருக்கிறது. பிறகு இட்லிக் கணக்கு. 400 கிராம் அரிசியில் 30 கிராம் புரதம், 100 கிராம் உளுந்தில் 23. எடையில் ஐந்தில் ஒரு பங்கு உளுந்து, புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தருகிறது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைகிற லைசின் உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலுக்கு எலுமிச்சை பிழிவதையும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக்கூடாது என்பதையும் இரும்புச்சத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: எலுமிச்சை அது உடம்பில் சேர உதவும், டீ தடுக்கும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி மாதிரிப் பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிதானம் தேவை. சர்க்கரை நோய் போய்விடும் என்றெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வீட்டில் மாத்திரையை நிறுத்துகிற பாட்டி இருப்பார். தவிடு நீங்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்தும் நிறமிச் சத்தும் கிடைக்கும், வெள்ளையாகத் தீட்டினால் போய்விடும். இது உண்மை, இதுவே போதுமான காரணம். விதையைக் காப்பாற்றுவதற்கு, பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் வைத்த வழியைப் பள்ளியிலும் வைக்கலாம்: இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோ திருப்பித் தருவது. பிள்ளைகளுக்கு 100 கிராம் கொடுத்து 200 கிராம் கேளுங்கள்.

உளுந்தைச் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கிற பயிருக்குள் தெளிப்பதுதான் டெல்டா வழக்கம். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது. ஊறினால் விதை அழுகும், தடமே பதியாவிட்டால் முளைக்காது. முப்பது முப்பத்தைந்து நாளில் வேர்முடிச்சுப் பார்க்க அழைத்துப் போங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நிற்கும், பிள்ளைகள் ஒன்றுமில்லை என்பார்கள். மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல அலசினால் வேரில் மிளகு மிளகாக முடிச்சு ஒட்டியிருக்கும். பெரிய முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை.

சாணஎரிவாயு மாதிரிக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனில் 5 கிலோ சாணமும் 5 லிட்டர் தண்ணீரும் கரைத்து ஊற்றி, மூடியில் குழாய் வைத்துக் காற்று இறக்கிய சைக்கிள் டியூபோடு இணைத்தால் போதும். மேலே இடம் விடாவிட்டால் நுரை குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும். மருந்து வைத்திருந்த கேனில் நுண்ணுயிர் வளராது. முதலில் சேரும் வாயு எரியாது, அதில் காற்றும் கரியமில வாயுவும்தான். ஒன்றிரண்டு டியூப்பை வெட்டவெளியில் வெளியேற்றிய பிறகு, பெரியவர் ஒருவர் வெளியில் வைத்துக் கொளுத்திக் காட்டலாம். வீட்டு அடுப்புக்கான 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நாலைந்து மாடு. அந்தக் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரலில் தேர்வு தொடங்கும் முன் இந்தக் கேனைக் காலிசெய்து கழிவைப் பாத்தியில் ஊற்ற வேண்டும். மூடிய கேனை விடுமுறையில் அறையில் விட்டுப் போகக்கூடாது. காளான் முடிந்த வைக்கோல் எருக்குழிக்கு, பாலிதீனைத் தனியே உரித்தெடுத்த பிறகு. வாளிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிள்ளைகள் திருப்பித் தந்த விதைநெல்லைக் கடித்தால் மொடுக்கென்று உடையும்வரை காயவைத்து, ரகப் பெயரும் அறுத்த தேதியும் எழுதிய சீட்டை உள்ளேயும் வெளியேயும் போட்டுக் கட்டி, சுவரை ஒட்டாமல் பலகைமேல் வையுங்கள். வெளிச்சீட்டை எலி தின்றுவிடும்.